முதுமையின் நிதானத்திற்கு ஆகும் செலவு

முதுமையைப் பற்றித் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு பேச்சுகள் நெடுங்காலமாக அருகருகே வழங்கிவருகின்றன. வயது ஏற ஏற மனிதர் பக்குவப்பட்டுவிடுகிறார், முன்பு கொதித்தெழுந்த விஷயத்துக்கு இப்போது சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார் என்பது ஒன்று. வயதானால் சிறுபிள்ளைக் குணம் வந்துவிடுகிறது, தொட்டதற்கெல்லாம் கோபம், சொன்னதற்கெல்லாம் கண்ணீர் என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே வீட்டில், பல வேளைகளில் ஒரே மனிதரைக் குறித்தே சொல்லப்படுகின்றன. ஒன்று மெய்யானால் மற்றது பொய்யாக வேண்டும் என்று தோன்றினாலும், கடந்த முப்பது ஆண்டுகளாக உளவியலாளர்களும் நரம்பியலாளர்களும் நடத்திவரும் ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, இரண்டுமே மெய் என்பதும், இரண்டும் ஒரே ஏற்பாட்டின் இரு நிலைகள் என்பதும் தெரியவருகின்றன. முதியவரின் நிதானம் உணர்ச்சி வற்றிப்போனதால் தானாக வந்து படிவதன்று. அது மூளை கவனத்தைச் செலவிட்டு, ஒவ்வொரு வேளையும் புதிதாகச் செய்துகொள்ளும் ஒரு வேலை. அந்தக் கவனத்தை வலியோ இரைச்சலோ அவசரமோ அச்சமோ பிடுங்கிக்கொள்ளும்போது நிதானமும் கூடவே போய்விடுகிறது என்பதே இவ்வுரை நிறுவ முற்படும் கருத்து.

இதைப் பேசுவதற்குத் தேனாம்பேட்டை பொருத்தமான இடம். தமிழக அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஓய்வு பெறும்போது அவர்களுடைய ஓய்வூதியத்தைக் கணக்கிட்டு ஆணை வழங்கும் மாநிலக் கணக்காயர் அலுவலகம் இங்கே அண்ணா சாலையில்தான் இருக்கிறது. சற்றுத் தள்ளி மருத்துவப் பணிகள் இயக்ககத்தின் டி.எம்.எஸ். வளாகம். 2018இல் இங்கு மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியபோது நிலையத்துக்கு ஏ.ஜி.-டி.எம்.எஸ். என்று இவ்விரண்டின் பெயரையே சூட்டினார்கள். மாநிலத்தின் முதுமை, தாளாகவும் கோப்பாகவும் வந்து சேரும் பேட்டை இது என்று சொன்னால் மிகையாகாது. 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் அறுபது வயதைக் கடந்தோர் 10 விழுக்காட்டைச் சற்றே தாண்டியிருந்தனர். 2031இல் அவர்கள் 18 விழுக்காட்டைத் தாண்டுவார்கள் என்பது மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு. கேரளத்துக்கு அடுத்து, பெரிய மாநிலங்களுள் வேறெதுவும் இவ்வளவு விரைவாக நரைக்கவில்லை.

அறிவுக் கட்டுப்பாடு என்று உளவியலாளர்கள் குறிப்பது மூன்று திறன்களின் கூட்டு. கைக்கு வந்ததைச் செய்யாமல் தடுத்து நிறுத்துவது ஒன்று. வேண்டிய செய்தியைச் சில நொடிகள் மனத்தில் ஏந்தி வைத்துக்கொண்டு அதைக் கொண்டு வேலை செய்வது, அதாவது செயல் நினைவு, மற்றொன்று. சூழ்நிலை மாறும்போது பிடித்திருந்த வழியை விட்டு வேறு வழிக்குத் தாவுவது மூன்றாவது. தடுக்கும் திறனை அளக்க ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்பவர் 1935இல் வெளியிட்ட சோதனை இன்றும் பயன்படுகிறது: ‘சிவப்பு’ என்னும் சொல் பச்சை மையில் அச்சிடப்பட்டிருக்கும், சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். படிப்பதே பழக்கமாகிவிட்ட கண்ணுக்கு அந்தப் பழக்கத்தை அடக்குவது கடினம். வயதாக ஆக இன்னும் கடினம். எழுத்தறியாத ஒரு பாட்டியிடம் இச்சோதனை எதையும் அளக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவைக்க வேண்டும். ஆய்வகங்களில் பிறந்த அளவுகோல்களை இந்நாட்டு முதியோரிடம் கொண்டுவரும்போது எழும் முதல் இடர் அதுதான்.

இக்கட்டுப்பாட்டுக்குப் பெரிதும் பொறுப்பானது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்நெற்றிப் புறணி. அச்சுறுத்துவதையும் முக்கியமானதையும் நொடிக்குள் அடையாளம் கண்டு உடலை உசுப்புவது, மூளையின் உட்புறத்தில் பாதாம்பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலா. வயதாகும்போது முன்நெற்றிப் புறணி மூளையின் பல பகுதிகளைவிட முன்னதாகவும் மிகுதியாகவும் சுருங்குகிறது. அமிக்டலாவோ ஒப்பளவில் குறைவாகவே தேய்கிறது. கடிவாளம் தளர்கிறது, குதிரை அப்படியே இருக்கிறது என்றால் என்ன நடக்க வேண்டும்? முதியோர் அனைவரும் உணர்ச்சிக்கு அடிமைகளாக வேண்டும். ஆனால் பல நாடுகளில் பல்லாயிரம் பேரைப் பின்தொடர்ந்த கணக்குகள் அவ்வாறு சொல்லவில்லை. நோயும் பெருந்துயரும் சூழாத முதியோர், அன்றாட வாழ்வில் கோபத்தையும் கவலையையும் இளையோரைவிடக் குறைவாகவே உணர்வதாகச் சொல்கிறார்கள். கணக்கு எங்கோ இடிக்கிறது.

அந்த முரணுக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லாரா கார்ஸ்டென்சன். எஞ்சியிருக்கும் காலம் குறைவு என்று உணரும் மனிதர், நாளைக்குப் பயன்படும் அறிவையும் புதிய அறிமுகங்களையும் தேடுவதை விட்டு, இன்றைக்கு மனநிறைவு தரும் உறவுகளையும் அனுபவங்களையும் நாடுகிறார் என்பது அவர் கோட்பாட்டின் சாரம். நேரம் கிடைத்தால் யாரோடு செலவிடுவீர்கள், நெருங்கிய உறவினரோடா, படித்து முடித்த புத்தகத்தின் ஆசிரியரோடா, ஒத்த ரசனையுள்ள புதிய அறிமுகத்தோடா என்று கேட்டபோது முதியோர் பெரும்பாலும் உறவினரையே தேர்ந்தனர். புதிய மருந்தொன்றால் இன்னும் இருபது ஆண்டு ஆயுள் கூடும் என்று கற்பனை செய்துகொள்ளச் சொன்னதும் அந்தச் சாய்வு மறைந்துவிட்டது. ஆக, மாறியது சுவையன்று, காலத்தைப் பற்றிய கணிப்பு.

இக்கோட்பாட்டிலிருந்து பிறந்ததே நேர்மறைச் சாய்வு என்னும் கண்டுபிடிப்பு. சூசன் சார்ல்ஸ், மாரா மேதர், கார்ஸ்டென்சன் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று வயதுப் பிரிவினருக்கு இனியவை, கொடியவை, இரண்டுமற்றவை எனப் படங்கள் காட்டப்பட்டன. பிறகு நினைவுகூரச் சொன்னபோது, வயது கூடக் கூட, நினைவில் நின்றவற்றுள் கொடிய படங்களின் பங்கு குறைந்துகொண்டே போயிற்று. மனம் தேய்ந்துபோய்க் கொடியதைப் பதியத் தவறுகிறது என்று இதை விளக்கிவிடலாம். அப்படி விளக்கியவர்களும் உண்டு. ஜான் கச்சியொப்போவும் அவருடைய குழுவினரும் 2011இல், அமிக்டலாவே கொடியதற்கு மந்தமாகிவிடுவதால்தான் இச்சாய்வு வருகிறது என்று எழுதினர்.

அந்த விளக்கத்தைச் சந்தேகிக்க வைப்பது, மேதரும் பாப் நைட்டும் 2005இல் வெளியிட்ட ஆய்வு. இத்துறையின் நூற்றுக்கணக்கான கட்டுரைகளுள் ஒன்றை மட்டும் படிக்க நேரம் உள்ளவர் இதையே படிக்கலாம். நேர்மறைச் சாய்வு மூளைத் தேய்வின் விளைவு என்றால், மிகவும் தேய்ந்தவரிடம் அது மிகுதியாக இருக்க வேண்டும். அவர்கள் கண்டதோ நேர்மாறு: அறிவுக் கட்டுப்பாட்டுச் சோதனைகளில் நன்றாகச் செய்த முதியோரிடமே சாய்வு மிகுதியாகத் தெரிந்தது. அதோடு அவர்கள் நிற்கவில்லை. படங்களைப் பார்க்கும்போதே கவனத்தைப் பங்குபோடும் இன்னொரு வேலையையும் ஒரு பகுதி முதியோரிடம் கொடுத்தனர். அவர்களிடம் இனிய படங்களின் முன்னுரிமை காணாமற்போயிற்று. கவனம் வேறொன்றில் மாட்டிக்கொண்டதும், இனியதைத் தேர்ந்து பதிக்கும் வேலை நின்றுவிட்டது. நிதானம் தேய்வின் விளைவல்ல, வேலையின் விளைவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நூறு ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த மதிப்பீடும், பார்ப்பதையும் எண்ணுவதையும் தம் விருப்பப்படி நடத்திக்கொள்ள முதியோருக்கு இடம் கிடைக்கும்போதே இச்சாய்வு பெரிதாக இருப்பதையும், இதைக் கவனி, அதைக் கணக்கிடு என்று கட்டாயப்படுத்தும்போது அது சுருங்குவதையும் உறுதிசெய்தது.

மூளைப் படங்களும் பெருமளவு இதற்கு ஒத்துப்போகின்றன. கொடிய காட்சியைப் பார்க்கும்போது, முதியோரின் அமிக்டலாவுக்கும் நெற்றிப் பகுதியில் உணர்ச்சியைச் சீர்செய்யும் இடங்களுக்கும் இடையே தொடர்பு, இளையோரிடம் உள்ளதைவிட வலுவாக இருந்ததை 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. சுருங்கிய புறணியைக் கொண்டு கூடுதல் வேலை வாங்கப்படுகிறது என்று இதைப் படிக்கலாம். தேனாம்பேட்டையிலிருந்து ஆணை பெற்ற ஓய்வூதியர் ஒருவர், வருமானம் பாதியாகிவிட்ட பிறகும், மருந்துக்கும் பேரப்பிள்ளைக்குமான தொகையை முதலிலேயே எடுத்துவைத்துவிட்டு மீதியில் மாதத்தை ஓட்டுவதுபோல, முதிய மூளை தன் குறைந்துபோன கட்டுப்பாட்டு வளத்தில் பெரும்பங்கை மன அமைதிக்கென்று ஒதுக்கிவைக்கிறது. எதிர்பாராத செலவு ஒன்று குறுக்கிடும்வரை கணக்கு நேராகவே இருக்கும்.

இந்த ஒதுக்கீடு உலகெங்கும் ஒரே அச்சில் நடக்கிறது என்று எண்ணுவதும் பிழை. ஹெலீன் ஃபங் என்பவரின் குழு ஹாங்காங்கில் கண்ணசைவைப் பதிவுசெய்து நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், முதிய சீனர்கள் சிரித்த முகங்களிலிருந்தே பார்வையை விலக்கினர். குடும்பமும் சுற்றமும் சேர்ந்தே வாழ்வை நடத்தும் சமூகத்தில், இனியதில் மட்டும் லயித்துவிட்டுப் பிறர் முகத்தில் தோன்றும் சினத்தையும் வருத்தத்தையும் காணாதிருப்பது அறிவுடைமையாகாது அல்லவா? மருமகள் முகம் வாடியிருப்பதைக் கூடத்துக்குள் நுழையும்போதே படித்துவிடும் மாமியாரிடம் அமெரிக்கப் பாணியிலான நேர்மறைச் சாய்வைத் தேடுவது பொருத்தமா என்பது தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்ளத்தக்க கேள்வி.

எல்லா வகைக் கட்டுப்பாடும் ஒன்றுபோல் தேய்வதும் இல்லை. துயரமான காட்சியில் ஏதேனும் ஒரு நன்மையைக் கண்டு அதன் பொருளை மாற்றிக்கொள்வதில் அறுபதைக் கடந்தவர்கள் இளையோரைவிடத் தேர்ந்தவர்கள். அதே காட்சியை உணர்ச்சியின்றி, ஒரு மருத்துவர் பார்ப்பதுபோல விலகி நின்று பார்ப்பதில் அவர்கள் பின்தங்குகிறார்கள் என்று மிஷெல் ஷியோட்டாவும் ராபர்ட் லெவன்சனும் 2009இல் கண்டனர். முன்னதற்கு வாழ்ந்து சேர்த்த அனுபவம் கைகொடுக்கிறது. பின்னதற்குத் தடுக்கும் திறனும் செயல் நினைவும் அப்போதைக்கப்போது வேண்டும். துக்க வீட்டில் ஆறுதல் சொல்லப் பெரியவர்களை முன்னே அனுப்பும் வழக்கத்துக்குள் இந்த அறிவு ஏற்கெனவே இருக்கிறது.

உடலின் பங்கைச் சேர்க்காமல் இப்படம் முழுமையாகாது. சூசன் சார்ல்ஸ் 2010இல் முன்வைத்த கோட்பாடு அதைச் சேர்க்கிறது. பிணக்கு வரப்போகிறது என்று தெரிந்தால் அந்த இடத்தைவிட்டு எழுந்துவிடுவது, வாக்குவாதத்தை வளரவிடாமல் பேச்சை மாற்றுவது ஆகியவற்றில் முதியோர் வல்லவர்கள்; ஆனால் தவிர்க்க முடியாமல் கலக்கம் மூண்டுவிட்டால், உயர்ந்த இரத்த அழுத்தமும் படபடப்பும் தணிய அவர்களின் உடலுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. ஆதலால் அவர்களுடைய வலிமை கலக்கத்துக்கு முன்னே இருக்கிறது, பலவீனம் அதற்குப் பின்னே இருக்கிறது. விலகிச் செல்லும் வழியை அடைத்துவிட்டால், முதியவர் தமக்கு மிகக் கைவந்த கருவியை இழந்துவிடுகிறார்.

அந்த வழியை அடைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இன்று இருக்கிறார்கள். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று வழங்கும் மோசடி இந்திய நகரங்களில் ஓய்வுபெற்றோர் வாழும் பகுதிகளைக் குறிவைத்துப் பரவியிருக்கிறது. ஓய்வுபெற்ற அதிகாரிகளும் பேராசிரியர்களும் மருத்துவர்களும் நிறைந்த தென்சென்னை அதற்கு வாய்ப்பான களம். உங்கள் பெயரில் அனுப்பப்பட்ட பார்சலில் போதைப்பொருள் சிக்கியது என்றோ, உங்கள் ஆதாரைக் கொண்டு கறுப்புப் பணம் மாற்றப்பட்டது என்றோ ஓர் அழைப்பு வருகிறது, அடுத்து சீருடை அணிந்த ஒருவர் வீடியோ அழைப்பில் தோன்றுகிறார், சி.பி.ஐ. முத்திரையிட்ட போலி ஆணை திரையில் காட்டப்படுகிறது. அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது, அறையைவிட்டு வெளியே வரக் கூடாது என்று கட்டளையிடப்படுகிறது. சரிபார்ப்புக்காக என்று சொல்லிச் சேமிப்பு முழுவதும் மாற்றப்படுகிறது. இந்தியச் சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது என்று பிரதமர் 2024 அக்டோபரில் தம் வானொலி உரையில் நாட்டு மக்களிடம் விளக்க வேண்டிய அளவுக்கு இது பெருகியது.

இவ்வளவு படித்தவர் எப்படி ஏமாந்தார் என்பதே ஒவ்வொரு முறையும் எழும் கேள்வி. அது தவறான கேள்வி என்பது இதுவரை சொல்லப்பட்டவற்றால் விளங்கும். இம்மோசடியின் ஒவ்வொரு படியும், அதை வகுத்தவர்கள் எந்த ஆய்வையும் படித்திராவிட்டாலும், முதிய மூளையின் ஏற்பாட்டை அடிமட்டத்தில் குலைக்கும்படி அமைந்திருக்கிறது. விடாது தொடரும் கேள்விகள் செயல் நினைவை நிரப்பிவிடுகின்றன. விலகிச்செல்லும் வழியைத் துண்டிக்கப்படாத அழைப்பு அடைக்கிறது. அச்சம் உடலைப் பல மணி நேரம் உசுப்பி நிறுத்துகிறது. துணையாக வந்து யோசிக்கக்கூடிய இன்னொரு மனத்தை இரகசியக் கட்டளை அப்புறப்படுத்துகிறது. 2018இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 65 முதல் 85 வயதானவர்களையும் 30 முதல் 40 வயதானவர்களையும் கோபத்துக்கோ பரபரப்பான மகிழ்ச்சிக்கோ ஆளாக்கிய பின் பொய் விளம்பரங்களைக் காட்டினர். உணர்ச்சி இனியதாயினும் கொடியதாயினும், அது உடலை உசுப்பியபோது முதியோரிடம் அப்பொருளை வாங்கும் விருப்பம் கூடியது. இளையோரிடமும் அவ்விளைவு தெரிந்தது. பரிசு விழுந்தது என்னும் அழைப்பும் வழக்குப் பதிவாகியது என்னும் அழைப்பும் ஒரே வாசல் வழியாக நுழைவது இதனால்தான். ஏமாந்தவரின் அறிவைப் பழிப்பது, இழந்த பணத்தின்மேல் மானத்தையும் இழக்கச் செய்து, 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைக்கவேண்டியவரை வாய்மூட வைக்கிறது.

இதுவரை பேசப்பட்டது நோயற்ற முதுமை. மறதிநோய் வந்தவர்களிடம் இவ்வேற்பாடு வேறு விதமாகக் கலைகிறது. இந்தியாவில் அறுபதைக் கடந்தோருள் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக லாசி-டாட் என்னும் தேசிய ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. இந்நோயின் பொதுவான வடிவமான அல்சைமரில் நினைவு முதலில் போகிறது. ஆனால் நினைவு போனால் உணர்ச்சியும் போய்விடுவதில்லை. அயோவா பல்கலைக்கழகத்தில் நடந்து 2014இல் வெளியான ஆய்வொன்றில் அல்சைமர் நோயாளிகளுக்குத் துயரமான திரைத்துணுக்குகள் காட்டப்பட்டன. சில நிமிடங்களில் அவர்கள் பார்த்ததை ஏறக்குறைய முழுவதும் மறந்துவிட்டனர். துயரம் மட்டும் நீடித்தது. குறைவாக நினைவில் வைத்திருந்தவர்களிடம் அது கூடுதலாகவே நீடித்தது. காரணம் தெரிந்த வருத்தத்தை ஆற்றிக்கொள்ளலாம், காரணமே அழிந்துபோன வருத்தத்தை எதைச் சொல்லி ஆற்றுவது? காலையில் குளிக்க மறுத்த தந்தையை மகன் அதட்டிவிட்டு அலுவலகம் போகிறான். அதட்டலைத் தந்தை மறந்துவிடுகிறார். பிற்பகல் முழுவதும் அவர் ஏன் நிலைகொள்ளாமல் வாசலுக்கும் கூடத்துக்கும் நடக்கிறார் என்பது வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. நெற்றிப் பகுதியையே முதலில் தாக்கும் மறதிநோயோ இன்னும் கொடுமையானது. அதில் நினைவு ஓரளவு தெளிவாக இருக்க, கூச்சமும் இரக்கமும் அடக்கமும் போய்விடுவதால், நோயாளி ஒழுக்கம் கெட்டவராகக் குடும்பத்துக்குத் தெரிகிறார்.

சென்னைக்கு இத்துறையில் சொல்லிக்கொள்ளத்தக்க வரலாறு உண்டு. முதியோர் மருத்துவம் என்ற சொல்லே பரிச்சயமாகாத 1978இல் அரசு பொது மருத்துவமனையில் அதற்கெனப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கியவர் மருத்துவர் வ.செ. நடராசன், 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அத்துறைக்கான மேற்படிப்பும் வந்தது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கட்டடங்கள் வந்துவிட்டன. மருத்துவமனையின் புறநோயாளர் கூடத்தில் ஒலிபெருக்கி மூன்று வரிசைகளின் டோக்கன் எண்களைக் கலந்து கூவிக்கொண்டிருக்க, எதிரே அமர்ந்த இளம் மருத்துவர் ஒரே மூச்சில் ஐந்து மாத்திரைகளின் வேளையைச் சொல்லி முடிக்கும்போது, மேதரும் நைட்டும் ஆய்வகத்தில் செயற்கையாக உண்டாக்கிய கவனச் சிதறல் அங்கே இயற்கையாகவே நடக்கிறது. சத்தம் குறைந்த காத்திருப்பு அறையும், எழுதிக் கொடுக்கப்பட்ட மருந்துச் சீட்டும், ஒரு நேரத்தில் ஒரு கேள்வியும் உபசாரங்கள் அல்ல; சிகிச்சையின் பகுதிகள்.

வாழ்நாள் முழுவதும் செய்த கட்டுப்பாட்டுப் பயிற்சி முதுமையில் பயன் தருமா என்பதற்கு நம்பிக்கை தரும் விடை இந்தியாவிலிருந்தே கிடைத்தது. சுவர்ணா அல்லாடியின் குழு ஐதராபாத்தில் 648 மறதிநோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, இரு மொழி பேசுவோருக்கு நோய் நாலரை ஆண்டு தாமதமாக வந்திருந்தது. எழுதப்படிக்கத் தெரியாதவர்களிடமும் அது காணப்பட்டது. ஒரு மொழியில் பேசும்போது மற்றதை அடக்கிவைப்பது அன்றாடம் நடக்கும் தடுப்புப் பயிற்சி. வீட்டில் தெலுங்கோ உருதோ சௌராஷ்டிரமோ பேசிவிட்டுத் தெருவில் தமிழுக்கு மாறும் சென்னைவாசிகள் அப்பயிற்சியைக் கட்டணமின்றிப் பெற்றுவருகிறார்கள். இம்முடிவு எல்லா நாட்டு ஆய்வுகளிலும் ஒன்றுபோல் வரவில்லை என்பதால் இதை உறுதியான மருந்தாகக் கொள்ள இயலாது.

முதியோரின் பணத்தைக் காப்பதற்கு இப்போது குடும்பங்கள் கையாளும் வழி, வங்கிக் கணக்கையும் கைப்பேசியையும் பிள்ளைகள் வாங்கி வைத்துக்கொள்வது. அது முதியவரின் அறிவையே ஐயப்படும் வழி. குறைபாடு அறிவில் இல்லை, அறிவு வேலை செய்ய வேண்டிய நேரத்தில்தான் இருக்கிறது என்று ஆய்வுகள் சொல்லும்போது அதற்கு நியாயமில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதைவிட நல்ல முன்மாதிரி ஒன்றைத் தருகிறது. பிற்காலத்தில் மனநோயால் முடிவெடுக்க இயலாது போனால் தமக்கு எவ்வகைச் சிகிச்சை தரலாம், எதைத் தரக் கூடாது என்று ஒருவர் தெளிவோடு இருக்கும்போதே முன்கூட்டி எழுதிவைக்கவும், தம் சார்பில் துணைநிற்க ஒருவரைப் பெயர் குறித்து நியமிக்கவும் அச்சட்டம் உரிமை அளிக்கிறது. வங்கிகளும் இவ்வழியைப் பின்பற்றலாம். தாமே விரும்பி எழுதிக்கொடுத்த முதியோரின் கணக்கிலிருந்து, அவர்களே குறித்த வரம்புக்கு மேற்பட்ட தொகை போகும்போது, அதை ஒரு நாள் நிறுத்திவைத்து, அவர்களே பெயர் கொடுத்த மகளுக்கோ நண்பருக்கோ ஒரு தொலைபேசி அழைப்பு செல்லலாம். வரம்பு எவ்வளவு, அழைப்பு யாருக்கு என்பதைப் பிள்ளைகளோ வங்கியோ முடிவுசெய்யாமல், ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கொடுக்க வரும் நாளில், கூட்டமில்லாத முகப்பில், நாற்காலியில் அமர்ந்து, அவசரமின்றி அந்த முதியவரே எழுதித் தர வேண்டும். மறு ஆண்டு அதை அவரே மாற்றவும் இடம் இருக்க வேண்டும்.